எல்லா மதத்தவரும் சேர்ந்து ஓர் உதவிப் பெட்டி: கொடுக்கும் விதிகள் எங்கே ஒன்றுபடுகின்றன?

நடுத்தெரு:
நாற்பது ஐம்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் கலந்து இருக்கிறார்கள். ஒரு ஜெயின் குடும்பமும் ஒரு சீக்கியக் குடும்பமும் உண்டு. காவலாளி, வீட்டுவேலை செய்பவர்கள், பக்கத்துத் தெரு முதியவர்கள் ஆகியோருக்காக ஒரு பொது உதவிப் பெட்டியும், மாதம் ஒருமுறை நூறு பேருக்குச் சாப்பாடும் தொடங்க நினைக்கிறார்கள். யாருடைய மத விதியும் மீறப்படக் கூடாது. எவ்வளவு கேட்பது, பணம் யார் கையில் இருப்பது, வாங்குகிறவர் பெயர் வெளியே தெரியாமல் எப்படிக் கொடுப்பது, என்ன சமைப்பது? "எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது" என்ற பதில் வேண்டாம். ஒவ்வொரு மரபிலும் கொடுப்பதற்கென்று வகுத்த நடைமுறை இருக்கிறதே, அது வேண்டும்.

மரைக்காயர்தெரு:
முதலில் ஒன்றைப் பிரித்துவிடுங்கள். முஸ்லிம் வீடுகளிலிருந்து வரும் பணம் ஸகாத்தா, ஸதகாவா? ஸதகா விருப்பக் கொடை. யாருக்கும் கொடுக்கலாம், சமையலுக்கும் போடலாம். ஸகாத் கடமைக் கொடை, அப்படியல்ல. யாருக்குச் சேரவேண்டும் என்று குர்ஆன் 9:60 எட்டு வகையினரைப் பெயர் சொல்லி வரையறுக்கிறது. பெரும்பாலான அறிஞர்கள் கருத்தில் அதைப் பள்ளிவாசல் கட்டவோ சாலை போடவோகூட எடுக்க முடியாது. இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஹனஃபி வழியில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: பொருள் வாங்குகிறவருக்கு உடைமையாகக் கைமாற வேண்டும். பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறினால் அது கைமாற்றம் ஆகாது, பொட்டலமாகக் கையில் கொடுத்தால் ஆகும். ஆகவே ஸகாத்தைப் பொதுப்பெட்டியில் கலக்கவே கலக்காதீர்கள். கலந்துவிட்டால் எந்த ரூபாய் எங்கே போனது என்று கொடுத்தவர் சொல்ல முடியாது, அவர் கடமை நிறைவேறியதா என்பதே சந்தேகமாகிவிடும். பொதுப்பெட்டிக்கு ஸதகா மட்டும் என்று எழுதி ஒட்டுங்கள்.

கணக்கு கேட்பவர்களுக்காக: நிஸாப் எனும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் சொத்து ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம். நிஸாப் என்பது தங்கத்தில் 20 மிஸ்கால், வெள்ளியில் 200 திர்ஹம். நம் பக்கத்துக் கணக்கில் தங்கம் 87.48 கிராம், வெள்ளி 612.36 கிராம். சிலர் 85, 595 என்று எடுப்பார்கள். இன்றைய விலையில் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. வெள்ளியை அளவாக வைத்தால் கொடுக்கக் கடமைப்படுகிறவர் அதிகம், ஏழைக்குப் போய்ச் சேருவதும் அதிகம். பல உலமாக்கள் அதையே சொல்வது அதனால்தான்.

கணக்கர்:
பாய், ஓர் உதாரணம் போட்டுக் காட்டுங்களேன். சிறு கடை வைத்திருப்பவர் மொத்த விற்பனையில் 2.5 சதவீதம் என்று நினைத்துக்கொண்டு மலைத்துப் போகிறார்கள்.

மரைக்காயர்தெரு:
விற்பனையின் மேல் இல்லை, ஆண்டு நிறைகிற நாளில் கையிருப்பின் மேல். ரொக்கமும் வங்கியும் 2,40,000. விற்பதற்கு வைத்திருக்கும் சரக்கு 3,00,000. கண்டிப்பாகத் திரும்பி வரும் கடன் 60,000. கூட்டினால் 6,00,000. உடனே கொடுக்கவேண்டிய பாக்கி 80,000 இருக்கிறது. ஹனஃபி வழியில் அதைக் கழித்து 5,20,000, ஸகாத் 13,000. இன்னொரு சட்ட மரபான ஷாஃபி வழியில் கடனைக் கழிப்பதில்லை, 15,000. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபிகள் அதிகம். உள்நாட்டில் ராவுத்தர்கள் ஹனஃபி. பெண்கள் வழக்கமாக அணியும் நகையிலும் இதே வேறுபாடு: ஹனஃபியில் நகைக்கும் ஸகாத் உண்டு, ஷாஃபியில் அளவோடு அணியும் நகைக்கு இல்லை.

குடியிருக்கும் வீடு, ஓட்டும் வண்டி, கடையின் தராசு, அலமாரி எதுவும் கணக்கில் வராது. வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. சரக்கை வாங்கிய விலையில் போடுவது. அன்றைய விற்பனை விலையில்தான் போடவேண்டும். ஆங்கில ஆண்டை வைத்துக்கொண்டு 2.5 போடுவது; சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவு, ஆகவே சூரிய ஆண்டுக்கு 2.577 என்று எடுக்கிறார்கள். தாய் தகப்பனுக்கோ பிள்ளைகளுக்கோ கொடுத்துவிட்டு ஸகாத் என்று எழுதுவது. அவர்களைக் காப்பது ஏற்கெனவே உங்கள் பொறுப்பு. தேவையுள்ள அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குக் கொடுக்கலாம்.

ஏடகம்:
"யார் கையில் பணம்" என்ற கேள்விக்கு நான் பார்த்தவரை மிகத் தெளிவான பதில் யூத மரபில் இருக்கிறது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்புகளான மிஷ்னாவிலும் தால்முத்திலும் இரண்டு ஏற்பாடுகள் வருகின்றன. 'குப்பா' என்பது வாராந்தரப் பணப்பெட்டி. வெள்ளிக்கிழமை பகிர்ந்து கொடுப்பார்கள். 'தம்ஹூய்' என்பது அன்றாட உணவுத் தட்டு. குப்பாவுக்கு வசூல் செய்ய இருவர் போகவேண்டும், பகிர்ந்து கொடுக்க மூவர் உட்காரவேண்டும். ஏன் இந்த வேறுபாடு? வசூல் என்பது ஊரார் மேல் ஓர் அதிகாரம், அதை ஒற்றை ஆளிடம் விடக்கூடாது. பகிர்வு என்பது யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்வது, தீர்ப்புக்கு மூவர் தேவை. தம்ஹூய்க்கு வசூலும் மூவர், பகிர்வும் மூவர், அன்றன்றைக்கே வாங்கி அன்றன்றைக்கே கொடுத்துவிடுவதால்.

இன்னும் நுணுக்கமாகப் போகிறார்கள். வசூலுக்குப் போகும் இருவரும் தெருவில் பிரிந்து நடக்கக்கூடாது. வசூலிப்பவர் வழியில் ஒரு காசைக் கண்டெடுத்தால் தன் பையில் போடக்கூடாது. பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனபின் எடுத்துக்கொள்ளவேண்டும். பெட்டியின் சில்லறையை மாற்ற வேண்டுமானால் வேறொருவரிடம்தான் மாற்றவேண்டும், தன் சொந்தப் பணத்தோடு மாற்றக்கூடாது. அவர் திருடுவார் என்பதற்காக அல்ல, பார்க்கிறவர் மனதில் சந்தேகம் விழக்கூடாது என்பதற்காக. இன்றைக்கு இதை அப்படியே மாற்றிப் போடுங்கள்: பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு வீட்டில் சாவி, பொருளாளரின் சொந்த எண்ணுக்குப் பணம் அனுப்பும் வழக்கம் கூடாது, "என் கணக்குக்கு வந்தது, நான் ரொக்கமாகப் பெட்டியில் போட்டுவிடுகிறேன்" என்பது அந்தச் சில்லறை மாற்றும் விதியை மீறுவதேதான்.

எவ்வளவு என்பதற்கு: வருமானத்தில் பத்தில் ஒன்று நடுத்தர அளவு, ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. அந்த உச்சவரம்பு ஊஷா என்ற ஊரில் கூடிய அறிஞர்கள் வைத்தது. அள்ளிக் கொடுத்தவர் நாளைக்குத் தானே பெட்டிமுன் நிற்கக்கூடாது என்பது காரணம்.

பனுவல்:
அந்த உச்சவரம்பைப் படித்ததும் குறள் 480 நினைவுக்கு வருகிறது: "உளவரை தூக்காத ஒப்புர வாண்மை வளவரை வல்லைக் கெடும்." தன்னிடம் உள்ள அளவைத் தூக்கிப் பார்க்காமல் ஒப்புரவு செய்தால் வளம் விரைவில் கெடும். 477ம் அதே: "ஆற்றின் அளவறிந்து ஈக." ஈகையை அவ்வளவு உயர்த்திய வள்ளுவர், வலியறிதல் என்ற அதிகாரத்தில், அரசனுக்குப் படையெடுப்புக் கணக்குச் சொல்லும் இடத்தில் இதை வைத்திருக்கிறார். கொடுப்பதும் வலிமையைத் தூக்கிப் பார்த்துச் செய்யவேண்டிய வேலை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட வேண்டாம். ஸகாத் ஏழையின் உரிமை. கொடுப்பவர் உபகாரம் செய்யவில்லை, பாக்கியைத் தீர்க்கிறார். யூதர்களின் 'செதாக்கா' என்ற சொல்லுக்கே வேர் நீதி. கீதை 17:20 பேசும் தானம் வேறு: இடம், காலம், தகுதியுடைய ஆள் பார்த்து, கைம்மாறு கருதாமல் கொடுப்பது. பௌத்தத்தில் தானத்தின் உயர்ந்த இலக்கு சங்கம், அதாவது துறவியர் கூட்டம். ஒன்றில் வாங்குபவர் கடன்காரரிடம் பாக்கி வசூலிப்பவர் போல, இன்னொன்றில் வாங்குபவரே கொடுப்பவருக்குப் புண்ணியம் தரும் வயல். இந்த அடிப்படை வேற்றுமையை மறைத்துவிட்டு ஒற்றுமை பேசினால் அது சுவரொட்டி ஒற்றுமை.

ஏடகம்:
ஒப்புக்கொள்கிறேன். கொள்கையில் ஒன்றல்ல. ஆனால் நடைமுறையில், குறிப்பாக வாங்குபவரின் முகத்தைக் காப்பதில், வியக்கும்படி ஒன்றாகிறார்கள். யூத அறிஞர் மைமோனிடஸ் (1138–1204) கொடையை எட்டுப் படியாக வரிசைப்படுத்துகிறார். கீழிருந்து: மனம் நொந்துகொண்டு கொடுப்பது; குறைவாக, ஆனால் முகமலர்ச்சியோடு கொடுப்பது; கேட்டபின் கொடுப்பது; கேட்கும் முன் கொடுப்பது; வாங்குபவருக்குக் கொடுத்தவரைத் தெரியும், கொடுத்தவருக்கு வாங்குபவரைத் தெரியாது; அதன் மறுதலை; இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், கடனோ கூட்டுத் தொழிலோ வேலையோ கொடுத்து அவர் இனிக் கைநீட்டவே தேவையில்லாமல் செய்வது.

எருசலேம் ஆலயத்தில் இதற்கென்றே ஓர் அறை இருந்ததாக மிஷ்னா சொல்கிறது. உள்ளவர்கள் போய் இரகசியமாக வைப்பார்கள், நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்துப்போனவர்கள் போய் இரகசியமாக எடுப்பார்கள்.

பனுவல்:
கேட்கும் முன் கொடுப்பது என்ற படி குறள் 223இல் இருக்கிறது: "இலனென்னும் எவ்வம் உரையாமை ஈதல்." உரைகள் இதில் வேறுபடும். 'என்னிடம் இல்லை' என்ற சொல்லை இரப்பவர் வாயிலிருந்து வரவிடாமல் முந்திக் கொடுப்பது என்பது அவற்றுள் ஒன்று. அடுத்த குறளில் இரப்பவனின் இன்முகம் காணும்வரை இரக்கப்படுவதும் துன்பம் என்கிறார். கேட்கப்படுகிறவனுக்கும் வலி உண்டு என்று எழுதியது எவ்வளவு நுட்பம்!

தைத்திரீய உபநிடதத்தில், கல்வி முடித்துப் போகும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் அறிவுரையில் "ஹ்ரியா தேயம்" என்று வருகிறது: நாணத்தோடு கொடு. நாணவேண்டியவன் கொடுப்பவன். இந்த ஒரு சொல்லுக்காகவே அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

மரைக்காயர்தெரு:
வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி என்று மத்தேயு 6:3 இல் இருக்கிறது. மறுமையில் இறைவனின் நிழல் பெறும் ஏழு பேரைச் சொல்லும் நபிமொழியிலும் அதே உவமை வருகிறது. குர்ஆன் 2:271 வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதுதான், மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது இன்னும் நல்லது என்கிறது. 2:264 சொல்லிக்காட்டியும் நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்கிறது. அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு வாங்குபவரோடு எடுக்கும் புகைப்படம் இந்த எல்லா நூலுக்கும் எதிரானது. பெட்டியின் விதியில் முதல் வரியாக எழுதுங்கள்: வாங்குபவர் படம் கிடையாது.

நடுத்தெரு:
சரி, இரகசியமாகக் கொடுப்பதை நடைமுறையில் எப்படிச் செய்வது? காவலாளி யாரென்று எல்லோருக்கும் தெரியுமே.

கணக்கர்:
பகிரும் மூவருக்கு மட்டும் பெயர் தெரியட்டும். பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண். பக்கத்து மளிகைக் கடையில் முன்பணம் கட்டிவிட்டு அந்த எண்ணில் பற்றுவரவு வைத்துவிடலாம். வாங்குபவர் மற்றவர்களைப் போலவே கடைக்குப் போய், வேண்டியதைத் தானே கேட்டு வாங்குவார், கட்டித் தரும் பொட்டலத்தை வாங்கவேண்டியதில்லை. கடைக்காரருக்குத் தொகை தெரியும், கொடுத்தவரைத் தெரியாது. மாதக் கணக்கைக் குடியிருப்போர் சங்கத்தில் வைக்கும்போது எண்ணும் தொகையும் மட்டும். இதில் கெடக்கூடிய இடம் ஒன்று: எண்களை வீட்டு எண்ணோடு பொருந்தும்படி வைத்துவிடுவது. ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கலைத்துப் போடுங்கள்.

குருமுகி:
சாப்பாட்டுக்கு வருகிறேன். சீக்கியக் குருத்வாராவின் பொதுச் சாப்பாடான லங்கரில் மறைவு என்ற வழியே இல்லை, நேர் எதிர் வழி: எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து ஒரே உணவை உண்பது. யார் ஏழை என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. மூன்றாம் குரு அமர்தாஸ் (குருபீடத்தில் 1552–1574) தன்னைக் காண வருபவர் முதலில் பந்தியில் அமரவேண்டும் என்று வைத்தார். ஆகவே உங்கள் மாதச் சாப்பாடு "ஏழைகளுக்கு" என்று இருக்கவேண்டாம். குடியிருப்பினரும் அதே பந்தியில் உட்காரட்டும். மேசை நாற்காலி ஒரு பக்கம், தரை ஒரு பக்கம் என்று பிரித்தால் போச்சு. முட்டி மடக்க முடியாத முதியவர்களுக்கு நாற்காலி போட்டால், அதே வரிசையில் வேறு சிலரும் நாற்காலியில் உட்காருங்கள். குருத்வாராவில் தரும் இனிப்பான கடா பிரசாதத்தில் மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம எடை, வருகிற எல்லோருக்கும் அதே கலவை. அந்த சமம் சமையலறையிலேயே தொடங்குகிறது.

ஓர் எச்சரிக்கையும் எங்கள் வரலாற்றிலிருந்து. வருமானத்தில் பத்தில் ஒன்றான தஸ்வந்த் என்ற காணிக்கையை ஊர் ஊராக வசூலித்துக் குருவிடம் சேர்க்க 'மசந்த்' என்ற பிரதிநிதிகள் இருந்தார்கள். நாளடைவில் அவர்கள் பணத்தைத் தமக்கே வைத்துக்கொண்டு மக்களையும் துன்புறுத்தத் தொடங்கினார்கள். பத்தாம் குரு கோபிந்த் சிங் அந்த அமைப்பையே ஒழித்தார். நல்ல நோக்கத்தில் உருவான வசூல் அமைப்பு ஏன் கெட்டது? ஒரே ஆள், பல ஆண்டு, மேலே கணக்குக் கேட்பவர் தொலைவில். ஏடகம் சொன்ன இருவர் விதியோடு, ஆண்டுக்கொருமுறை ஆள் மாற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஏழையின் வாயே குருவின் உண்டியல்" என்று எங்களிடம் ஒரு வழக்கு உண்டு.

பந்திக்கட்டு:
எல்லோரும் உண்ணக்கூடிய சமையல் முடியும், ஆனால் யோசித்துச் செய்யவேண்டும். இறைச்சி, மீன், முட்டை வேண்டாம். ஹலால் கேள்வியும் தவக்கால விரதமும் அதோடு தீர்ந்தது. ஜெயின் வீட்டுக்காக உருளை, கேரட், வெங்காயம், பூண்டு, இஞ்சி என்று மண்ணுக்கடியில் விளையும் எதுவும் வேண்டாம். வாழைக்காய், புடலை, வெண்பூசணி, அவரை, முருங்கை இருக்கின்றன. பெருங்காயமும் மிளகும் சீரகமும் சுவையைத் தாங்கிக்கொள்ளும். நூறு பேருக்குச் சாப்பாட்டு அரிசி 12 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3 கிலோ, காய் எல்லாம் சேர்த்து 10 கிலோ. உழைப்பாளிகள் அதிகம் வருவார்களானால் அரிசியை 15 ஆக்குங்கள்.

ஜெயின்கள் சூரியன் மறைந்தபின் உண்பதில்லை. பகல் உணவாக வையுங்கள். ரமலான் மாதத்தில் மட்டும் முஸ்லிம்களுக்குப் பொட்டலம், நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

எல்லோரும் மறப்பது ஒன்று: சமைத்ததைச் சாமிக்குப் படைத்துவிட்டுப் பரிமாறாதீர்கள். படையலை முஸ்லிம்கள் உண்பதில்லை. கிறிஸ்தவர்களிலும் பலர் தயங்குவார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இந்தக் கேள்வியே நீளமாக வருகிறது. விருப்பமுள்ளவர் வீட்டில் தனியாகப் படைத்துக்கொள்ளட்டும். பொது அண்டாவைத் தொடவேண்டாம்.

விகாரைவீதி:
இலங்கையில் புத்தரை நினைவுகூரும் வெசாக் நாட்களில் தெருவோரம் தன்சல் எனும் இலவச உணவுப் பந்தல் போடுவார்கள். வழியால போற எவரும், எந்த மதத்தவரும் நின்று சாப்பிடலாம், ஆர் எவரென்று கேட்பதில்லை. குருமுகி சொன்ன பந்திக்கு அது நெருக்கம். பௌத்த நூலில் நல்ல மனிதரின் தானத்துக்கு ஐந்து இலக்கணம் சொல்லப்படுகிறது: நம்பிக்கையோடு, மரியாதையோடு, உரிய காலத்தில், தாராள மனதோடு, தன்னையும் பிறரையும் புண்படுத்தாமல். "உரிய காலத்தில்" என்பதைக் கவனியுங்கோ. பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டு மாதம் கழித்துக் கொப்பி வாங்கிக் கொடுத்து என்ன பயன்? மூவர் குழு மாதம் ஒருதரம்தான் கூடும் என்றால் அவசரத்துக்கு இருவர் கையெழுத்தில் ஒரு சிறு தொகை எடுக்க வழி வையுங்கோ.

சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்ன உபதேசத்தில் வருமானத்தை நாலாகப் பிரிக்கச் சொல்கிறார் புத்தர்: ஒரு பங்கு அனுபவிக்க, இரண்டு தொழிலில் போட, ஒன்று ஆபத்துக்குச் சேமிக்க. ஆபத்துக்கான கால் பங்கு பெட்டிக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கணக்கர்:
பொருந்தும், ஸகாத் அதில் இல்லாதவரை. ஸகாத்தை முதலாக முடக்கி வைப்பதைப் பெரும்பாலானோர் ஏற்பதில்லை, வந்ததைப் போய்ச் சேர்க்கவேண்டும் என்பார்கள். சேமிப்பு முதலுக்கு வேறு முன்மாதிரி இருக்கிறது: வக்ஃப். அரேபியாவின் கைபரில் கிடைத்த நிலத்தைப் பற்றி நபித்தோழர் உமர் கேட்டபோது நபிகள் காட்டிய வழி: நிலத்தை விற்கக்கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக்கூடாது, வாரிசுக்குப் போகக்கூடாது, விளைச்சல் மட்டும் தர்மத்துக்கு.

பனுவல்:
சோழர் கல்வெட்டில் "சாவா மூவாப் பேராடு" என்று வருவது இதே ஏற்பாடுதான்! கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நொந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. இடையரிடம் ஒப்படைப்பார்கள், அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்கவேண்டும். ஆடு சாகும், கிழடாகும், ஆனால் எண்ணிக்கை 96 குறையக்கூடாது, குட்டிகளிலிருந்து நிரப்பிக்கொள்ளவேண்டும். ஆகவே கணக்கில் அந்த ஆடுகள் சாவதுமில்லை, மூப்பதுமில்லை. முதல் நிற்கும், பலன் ஓடும். கைபர் நிலத்துக்குச் சொன்னதை இங்கே ஆட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நடுத்தெரு:
தொகை ஒன்று நிர்ணயிக்கலாமா? ஒருவர் ஐந்நூறு, ஒருவர் ஐம்பது என்றால் மனக்கசப்பு வருமே.

ஏடகம்:
நிர்ணயிக்காதீர்கள். மூடிய பெட்டி, தொகை எழுதாத உறை. ஏழை விதவை இரண்டு காசு போட்டதை எல்லோரையும்விட அதிகம் என்று இயேசு சொன்னது (மாற்கு 12) காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துதான். இரண்டாம் கொரிந்தியர் 8:12 ஒருவனிடம் இருப்பதைக் கொண்டே கொடை ஏற்கப்படும், இல்லாததைக் கொண்டல்ல என்கிறது. தால்முத்தில் இன்னும் ஒரு படி: தர்மத்தில் வாழ்பவரும் தர்மம் செய்யவேண்டும். ஆகவே உதவி பெறும் காவலாளி ஐந்து ரூபாய் போட வந்தால் "உங்களுக்கு எதற்கு" என்று தடுக்காதீர்கள்.

பணமே கடினம் என்பவர்களுக்குப் பிடியரிசி இருக்கிறது. மிசோரம் திருச்சபைகளில் ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைப் பெண்கள் தனியே எடுத்து வைக்கிறார்கள். அதை வீடு வீடாகத் திரட்டி விற்றுச் சபைப் பணிக்குப் பயன்படுத்துகிறார்கள். காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி பிடியரிசித் திட்டம் என்று இங்கே அதையே வலியுறுத்தினார்.

பந்திக்கட்டு:
பிடியரிசி வாங்கினால் பச்சை, புழுங்கல், பொன்னி என்று தனித்தனி டப்பா வையுங்கள். கலந்த அரிசி ஒரே நேரத்தில் வேகாது, பாதி குழையும் பாதி விரையாக நிற்கும். மூன்று மாதத்துக்கு மேல் தேக்கினால் வண்டு. ரேஷன் அரிசியை இதில் போட்டுவிட்டு நல்லரிசியை வீட்டுக்கு வைத்துக்கொள்வதும் நடக்கும்.

மரைக்காயர்தெரு:
அதற்கும் வசனம் உண்டு, குர்ஆன் 2:267. உங்களுக்கு யாராவது கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தவிர வாங்கமாட்டீர்களே, அப்படிப்பட்ட மட்டமானதைத் தேடி எடுத்துக் கொடுக்காதீர்கள் என்கிறது. பழைய துணி வாங்கும் மேசையில் இந்த ஒரு சோதனையை வையுங்கள்: கொடுப்பவர் அதை உடுத்தி நாளைக்கு வெளியே போவாரா?

நடுத்தெரு:
நன்றி. இரண்டு பூட்டு, வசூலுக்கு இருவர், பகிர்வுக்கு மூவர், ஆண்டுக்கொரு ஆள் மாற்றம், கடையில் எண்ணுக்குப் பற்று, ஸகாத் தனி, பகல் பந்தி, படையல் இல்லை, படம் இல்லை. இதை ஒரே பக்கத்தில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டச் சொல்கிறேன். மைமோனிடஸின் மேல்படிதான் பாக்கி: காவலாளியின் மகன் ஓட்டுநர் உரிமத்துக்குக் கட்டணம் கேட்டால் அது உதவியா கடனா?

ஏடகம்:
கடனாகக் கொடுங்கள், வட்டியில்லாமல். அவரிடம் அது கடன் என்றே சொல்லுங்கள், தவணையையும் அவரே சொல்லட்டும். திரும்பாவிட்டால் மூவரும் கூடித் தள்ளுபடி எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் முன்கூட்டியே அதை அவர் காதில் போடவேண்டாம்.

மரைக்காயர்தெரு:
எழுத்தில் வையுங்கள், சாட்சி இருவர். குர்ஆன் 2:282 கடன் பத்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறது, அந்த நூலின் மிக நீண்ட வசனம் அதுதான். 2:280 கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை பொறுக்கச் சொல்கிறது. பத்திரத்தில் அந்த வரியையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.